யார் யாருக்காக மாறினார்கள்: ஓர் ஐரோப்பிய ஜாஸ் கிட்டார் கலைஞரின் கூட்டு முயற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வும் அதன் எல்லையும்

இங்கிலாந்தில் பிறந்து ஜாஸ் உலகில் முன்னணிக்கு வந்த மின்கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தம் புகழின் உச்சத்தில் ஒலிபெருக்கிகளை ஒதுக்கிவிட்டு, கர்நாடக இசைக் கலைஞர்களோடும் ஒரு தபலாக் கலைஞரோடும் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்த ‘சக்தி’ குழுவின் கதையை இக்குறிப்பு தொடக்கம் முதல் பதிவு செய்கிறது. குழு முதலில் இயங்கியது 1975 முதல் 1978 வரையே. பின்னர் வேறு ஆட்களோடும் வேறு ஏற்பாட்டோடும் இருமுறை உயிர்பெற்றதால், அந்தக் கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதல் கட்டத்தில் எடுத்த முடிவுகளின் பலாபலன் விளங்கும். பொதுவாழ்வில் அறியப்பட்ட கலைஞர்களைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறேன். இசைத்தட்டு நிறுவன அலுவலர்கள், மேலாளர்கள் முதலியோரை அவர்களது பணியால் மட்டும் குறித்திருக்கிறேன்.

இருவேறு இசை மரபுகளைக் கலப்பதைக் குறிக்கும் ‘ஃபியூஷன்’ என்ற சொல்லை நம் சபாக்களில் ஒரு சாரார் விளம்பரத்துக்கும் மறுசாரார் வசைக்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பழக்கங்களும் கேள்வியை மறைத்துவிடுகின்றன. இரண்டு மரபுகள் ஒரே மேடையில் அமரும்போது எது எதற்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே கேட்க வேண்டியது. அதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும் அரிய நிகழ்வுகளுள் இது ஒன்று என்பதால் இதைத் தேர்ந்தேன்.

பின்னணி: டோன்காஸ்டரிலிருந்து நியூயார்க்

ஜான் மெக்லாஃப்லின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டோன்காஸ்டரில் பிறந்தார். தாயார் வயலின் வாசிப்பவர். முதலில் பியானோ பழகிய சிறுவனுக்கு 11ஆம் வயதில் கிட்டார் கைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் லண்டனுக்குப் பெயர்ந்து, ஜார்ஜி ஃபேம், கிரஹாம் பாண்ட் போன்றோரின் குழுக்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசிப்பவராகவும் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1969 ஜனவரியில் லண்டனில் பதிவான அவரது முதல் தனி இசைத்தட்டு, பிரிட்டனின் ஜாஸ் அப்போது அமெரிக்க முன்மாதிரிகளை விட்டு விலகிச் சுயமாக யோசிக்கத் தொடங்கியிருந்ததற்கு நல்ல சான்று.

அதே ஆண்டு பிப்ரவரியில், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் அமைத்துக்கொண்டிருந்த ‘லைஃப்டைம்’ குழுவில் சேர நியூயார்க் சென்றார். போய் இறங்கிய சில நாட்களிலேயே, பிப்ரவரி 18 அன்று, அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவில் அமர்த்தப்பட்டார். கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று டேவிஸ் தம்மிடம் சொன்னதாக அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் வீணை மாணவராகத் தாமே விரும்பி உட்காரப்போகிற ஒருவருக்கு இது விசித்திரமான முன்னறிவிப்பாக அமைந்தது.

வங்காளத்தில் பிறந்த ஆன்மிக ஆசான் ஸ்ரீ சின்மயிடம் 1970இல் சீடராகச் சேர்ந்த அவருக்கு ‘மகாவிஷ்ணு’ என்ற பெயர் வழங்கப்பட்டது. 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, ஜாஸின் கற்பனைப் போக்கையும் ராக் இசையின் பேரொலியையும் 7, 9, 10 என எண்ணிக்கை மாறும் தாளங்களில் இணைத்தது. 1973இல் வெளிவந்த அதன் இரண்டாவது இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. பாடலே இல்லாத கருவியிசைக்கு அது எளிதில் வாய்க்கும் இடமன்று. ஆயினும் உறுப்பினர்களுக்கிடையே மூண்ட மனக்கசப்பால் அக்குழு 1973 இறுதியில் கலைந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில், நரம்பிசைக் கலைஞர்களையும் சேர்த்து, இன்னும் பெரிய குழு ஒன்று அமைக்கப்பட்டது.

மாணவராக அமர்தல்

இந்த ஆரவாரத்துக்கு இடையிலேயே வேறொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம், தென்னிந்திய இசையைச் சென்னையிலிருந்து வந்த வித்வான்களைக் கொண்டே கற்பித்துவந்த இடம். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை பயின்றார். மிருதங்கம் கற்பித்துக்கொண்டிருந்த ராம்நாட் ராகவனும், இசையாய்வு மாணவராக இருந்த வயலின் கலைஞர் எல். சங்கரும் அதே வட்டத்தினர். சங்கரின் தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு தமிழகம் திரும்பியவர். தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் அப்போது கலிபோர்னியாவில், அலி அக்பர் கானின் இசைக்கல்லூரிச் சூழலில் இருந்தார்.

வீணை பயின்றபோதும் வீணைக் கலைஞராக மாற மெக்லாஃப்லின் முயலவில்லை. நடுவயதை நெருங்கும் ஒரு கிட்டார் கலைஞர் இன்னொரு கருவியில் கச்சேரித் தரத்தை எட்டுவதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பது வீணைப் பெட்டியைத் திறந்தவர்களுக்குத் தெரியும். தாம் கற்றதைத் தம் கருவிக்கே கொண்டுசெல்வது என்று முடிவு செய்தார். ஆனால் அவரது கருவி அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீணையில் மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள், உயர்ந்து நிற்பதால், தந்தியை ஒரே மெட்டின் மீது பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரங்களைத் தொடர்ச்சியாக எழுப்பலாம். சுரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகம் அந்த இழுப்பில்தான் பிறக்கிறது. கிட்டாரிலோ, மெட்டுகளுக்கு நடுவே மரப்பலகை விரலைத் தடுக்கிறது. மின்கிட்டாரின் மெல்லிய தந்திகளை ஓரளவு வளைக்கலாம் என்றாலும், ஒலிபெருக்கியின் உதவியில்லாத மரக் கிட்டாரில் அந்த வசதியும் குறைவு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு கருவியைப் பற்றியது. கிப்சன் நிறுவனத்தின் வழியாக, ஏபிரகாம் வெக்டர் என்ற கருவிக் கைவினைஞரின் உழைப்பில், தனியொரு மரக் கிட்டார் செய்விக்கப்பட்டது. மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கி எடுக்கப்பட்டதால், விரல் பலகையைத் தொடாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடிந்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே, முதன்மைத் தந்திகளுக்குச் சாய்வாக, ஏழு சுருதித் தந்திகள் பூட்டப்பட்டன. வீணையின் பக்கத் தந்திகளை மீட்டியவர்களுக்கு இதன் பயன் உடனே புரியும்: வாசிப்பவர் தம் சுருதியைத் தாமே உடன் கொண்டுவருகிறார். ஆயிரம் பேச்சுகளை விட இந்த மரவேலை இக்கூட்டு முயற்சியின் இயல்பை எனக்குக் காட்டுகிறது. மற்ற கலைஞர்கள் தங்கள் வயலினையோ கடத்தையோ தபலாவையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. புகழும் ஒப்பந்தமும் யாரிடம் இருந்தனவோ அவரே தம் கருவியைச் செதுக்கிக்கொண்டார்.

இரண்டாவது முடிவு ஆட்களைப் பற்றியது. தொடக்கத்தில் ‘துரியானந்த சங்கீத்’ என்று பெயரிடப்பட்டிருந்த குழுவில் சங்கர், ராகவன், ஜாகிர் உசேன் ஆகியோரோடு கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் சேர்ந்தார். இது இந்திய இசையும் மேற்கத்திய இசையும் கலந்த முயற்சி என்று மட்டுமே பலர் எழுதிவிட்டுப் போகிறார்கள். தபலாவும் மிருதங்கமும் கடமும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஆண்டுதோறும் சேர்ந்தே வாசிப்பது அன்றைக்கு இந்தியாவுக்குள்ளேயே வழக்கத்தில் இல்லாத ஒன்று. இந்துஸ்தானி தபலா ‘தேக்கா’ என்ற அடிப்படைச் சொற்தொடர் ஒன்றைச் சுழற்றித் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும், கர்நாடகப் பக்கவாத்தியமோ பாடகரின் சொல்லையும் சங்கதியையும் நிழல்போலத் தொடர்ந்து, தாளக் கலைஞர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகளை வைத்து முடிக்கும். இவ்விரண்டு பழக்கங்களுக்கும் இடையே ஓர் உடன்பாடு தேவைப்பட்டது. அதற்கான பொது மொழியை, தாள அடிகளைக் குறிக்கும் ஒலிகளான சொல்கட்டுகளே தந்தன. வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, பிறகு கருவிக்குக் கொண்டுபோகும் நம் பழைய பாடமுறை, இசைக்குறிப்பு வாசித்து வளர்ந்த ஐரோப்பியருக்கும் கைகொடுத்தது.

மூன்றாவது முடிவு, பழையதை ஒரே நாளில் கைவிடாதது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இப்புதிய குழுவின் கச்சேரி பதிவு செய்யப்பட்டது. அதே கோடையில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் அந்தக் கட்டத்து இறுதி இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவும் பிரான்சில் நடந்தது. ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற உருப்படி இரண்டு இசைத்தட்டுகளிலும் இருக்கிறது: ஒன்றில் மரமும் மண்பானையும் தோலும், மற்றொன்றில் மின்னணுக் கருவிகள். அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு அவர் எதை விட்டு எதை நோக்கி நகர்ந்தார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது. ஏறத்தாழ இதே காலத்தில் அவர் சின்மயின் அமைப்பிலிருந்தும் விலகினார்.

இசைத்தட்டு நிறுவனத்துக்கும் மேலாண்மைக்கும் இந்த மாற்றம் உவப்பாக இல்லை. தம்மைச் சுற்றியிருந்தவர்கள் தமக்குப் புத்தி பிசகிவிட்டதாகவே நினைத்தார்கள் என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. விளையாட்டரங்குகளை நிறைத்த ஒரு பெயரை நம்பிச் செய்த முதலீடு அது. அந்தப் பெயருக்கு உரியவர் இப்போது தரையில் அமர்ந்து, அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்குமோ கேட்காதோ என்ற ஒலியளவில் வாசிக்க விரும்பினார்.

முதல் பதிவில் கவனித்தவை

சவுத்தாம்ப்டன் பதிவில் மூன்றே உருப்படிகள்: முதலாவது ஏறத்தாழ 18 நிமிடம், இரண்டாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாவது 29 நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி எடுத்துக்கொண்டது. பின்னால் நடந்தவற்றுக்கு இந்த அளவுகள் முக்கியம்.

முதல் உருப்படியில் கிட்டாரும் வயலினும் மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் ஒரே சுரவரிசையைச் சேர்ந்து வாசிக்கின்றன. பிறகு மாறி மாறிக் கற்பனை செய்து, பரிமாறும் சுரங்களின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றில் சேர்கின்றன. கச்சேரி கேட்பவர்களுக்கு இது பழகிய குறைப்புதான். ஜாஸ் இரசிகர்களுக்கும் நான்கு நான்கு அளவுகளாக மாறி மாறி வாசிக்கும் தங்கள் வழக்கத்தின் உறவாக அது ஒலித்திருக்க வேண்டும். இரண்டு மரபிலும் முன்பே இருந்த ஒரு வாசலைக் கண்டுபிடித்து அதன் வழியாக நுழைந்ததால், யாரும் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கலான இடம் சுரக்கூட்டு, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஜாஸ் கிட்டாரின் சொத்தே அடுக்கடுக்காக நகரும் சுரக்கூட்டுகள்தான். ராகமோ ‘ச’ என்னும் ஒரே ஆதார ஷட்ஜத்தின் மீது நின்று, ஒவ்வொரு சுரத்தையும் அதற்கு எதிராக அளந்து பார்ப்பது. கூட்டுச் சுரங்களை அடுக்கினால் ஆதாரம் நகர்கிறது. ஆதாரம் நகர்ந்தால் ராகத்தின் முகம் கலைகிறது. இதை மெக்லாஃப்லின் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தே தீர்த்தார். சுருதித் தந்திகளை மீட்டுவதும், இடையிடையே சில திறந்த கூட்டுகளைத் தொட்டுவிட்டு மெட்டுக்குத் திரும்புவதுமாக அவர் வாசித்தார். இதனால் ராகம் பிழைத்தது; ஆனால் அவரது சொந்த மரபின் வலுவான ஆயுதம் பெரும்பாலும் உறையிலேயே கிடந்தது. சங்கரின் வயலினில் வழுக்கலாக வரும் கமகம் மெக்லாஃப்லினுக்குத் துண்டு துண்டான சுரங்களாகவே பல இடங்களில் விழுகிறது என்று கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் குறை சொன்னால், அதை மறுப்பது கடினம். அந்தத் துண்டிப்பிலும் ஒரு கூர்மை உண்டு என்பேன். ஆனால் அதைக் கமகம் என்று அழைக்கமாட்டேன்.

ஆள் குறைதலும் உருப்படிகள் சுருங்குதலும், 1976–1978

முதல் பதிவுக்குப் பின் ராகவன் விலக, குழு நால்வராயிற்று. மிருதங்கத்துக்கு மாற்றாள் தேடப்படவில்லை. இதன் விளைவு ஒலியில் தெரிந்தது: மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி தந்த அடியொலியைத் தபலாவின் இடக்கை ஏற்றுக்கொண்டது, மண்ணின் கணீரொலியோடு கடம் முன்னுக்கு வந்தது. மிருதங்கத்துக்கு உபபக்கவாத்தியமாகவே பெரும்பாலும் வைக்கப்பட்ட ஒரு கருவிக்கு உலக மேடையில் சமமான இருக்கை கிடைத்தது இந்தக் காலியிடத்தால் என்றே சொல்லலாம். கடத்தின் பிற்கால வரலாற்றை எழுதுபவர்கள் இதை விட்டுவிட முடியாது. திட்டமிடாத ஓர் இழப்பு குழுவுக்கு நன்மையாய் முடிந்த ஒரே இடமும் இதுதான்.

1976 ஆகஸ்டில் லண்டனில் பதிவான இரண்டாவது இசைத்தட்டில் ஆறு உருப்படிகள் இருந்தன. ஒன்றிரண்டு 12 நிமிடத்தைக் கடந்தன. ஓர் உருப்படி சொல்கட்டுகளோடேயே தொடங்குகிறது; நம் வீடுகளில் குழந்தைகளுக்கு மிருதங்க வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் அதே ஒலிகள். 1977இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில் எட்டு உருப்படிகள் இருந்தன. எதுவும் ஏழு நிமிடத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. இலத்தீன் அமெரிக்கத் தாளக் கருவிகளும் சேர்ந்துகொண்டன. சுருக்கமாகவும் இனிமையாகவும் நன்றாக வாசிக்கப்பட்ட அந்த இசைத்தட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 29 நிமிடத்திலிருந்து ஏழு நிமிடத்துக்கு வந்த பயணத்தில், மாற வேண்டியவர் யார் என்ற ஏற்பாடு தலைகீழானது. ஆலாபனையாக மெல்ல விரிவதற்கும், தாளக் கணக்குகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டுத் தீர்மானம் என்னும் முடிப்பில் வந்து விழுவதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் போனதால் இழந்தவர்கள் வயலினும் தாளக் கருவிகளுமே. கிட்டார் கலைஞர் 1975இல் தம் கருவியை மாற்றினார். 1977இல் மற்றவர்கள் தங்கள் கால அளவை மாற்றிக்கொண்டார்கள்.

நிறுவனம் நேரடியாக உத்தரவிட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. வானொலியும் கடைகளும் எதிர்பார்த்த வடிவத்தை நோக்கி இசைத்தட்டு நகர்ந்தது என்பது மட்டும் கேட்டாலே தெரிகிறது. அப்படி நகர்ந்தும் விற்பனை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் அளவை எட்டவில்லை. மேடைக் கச்சேரிகளோ வேறு விதமாக இருந்தன: 1976 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ விழாவில் வாசித்தபோது உருப்படிகள் தங்கள் இயல்பான நீளத்தில் ஓடின. ஆனால் அந்தப் பதிவு வெளிச்சத்துக்கு வந்தது 2003இல், மெக்லாஃப்லினின் மான்ட்ரூ கச்சேரிகளின் தொகுப்பில்தான்.

1978இல் குழு நின்றுபோனது. அதே ஆண்டு வெளிவந்த மெக்லாஃப்லினின் இசைத்தட்டின் தலைப்பிலேயே ‘எலெக்ட்ரிக் கிட்டாரிஸ்ட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். வாடிக்கையாளருக்கு, ஆள் திரும்பிவந்துவிட்டார் என்று கடை வாசலில் பலகை மாட்டியதைப் போன்ற தலைப்பு அது. எனினும் உறவு முறிந்து பிரிந்ததாகக் கொள்ள இடமில்லை. அடுத்து அவர் அமைத்த மின்னிசைக் குழுவில் சங்கரும் வாசித்தார்.

இடைக்காலத்தில் அந்தப் பயிற்சி சென்ற இடங்கள்

ஒரு குழு கலைந்தால் கற்றது கலைவதில்லை என்பதற்கு 1979க்குப் பிந்தைய சில ஆண்டுகள் சான்று. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தெ லூசியாவோடும், முதலில் லாரி கொரியலோடும் பின்னர் அல் டி மியோலாவோடும் மெக்லாஃப்லின் அமைத்த மூன்று கிட்டார் கூட்டணி முழுக்க மரக் கிட்டார்களையே நம்பியது. 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பதிவான அவர்களது கச்சேரி பெரும் வெற்றி பெற்றது. பேரொலி இல்லாமல் வேகத்தாலும் பரிமாற்றத்தாலும் ஒரு பெரிய அரங்கைப் பிடித்துவைக்க முடியும் என்ற துணிவு அவருக்கு ‘சக்தி’ மேடைகளில் வந்தது என்பது என் ஊகம். சங்கரும் தம் வழியே சென்றார். 1983இல் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கார்பரெக்கோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டு, ஐரோப்பிய ஜாஸின் இன்னொரு கிளையோடு கர்நாடக வயலின் பேசிய பேச்சு. அது தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் வடிவம், 1997க்குப் பின்

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது சங்கர் அதில் இல்லை. வயலினின் இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. புல்லாங்குழலோடு வேகம் தணிந்தது, நேரம் விரிந்தது: அந்தப் பயணத்திலிருந்து வெளிவந்த இரட்டைக் குறுந்தட்டில் ஓர் உருப்படி மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காதது குறுந்தட்டில் அடங்கிற்று என்ற தொழில்நுட்பக் காரணமும் இதற்கு உண்டு. அதோடு, இப்போது யாரும் இதை வானொலியில் ஒலிக்கவேண்டிய சரக்காக எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஏற்பாடே நெடுநாள் நிலைத்தது. விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார்; மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், 2000 வாக்கில் பாடகர் ஷங்கர் மகாதேவனும் வந்தார். முன்பு கடைப்பிடித்த முடிவுகளுள் ஒன்று இங்கே கைவிடப்பட்டது: மெக்லாஃப்லின் சுருதித் தந்திகள் பூட்டிய பழைய கிட்டாரை விட்டுவிட்டு மின்கிட்டாரையே வாசித்தார். இதைப் பின்வாங்கலாக எண்ணியவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் எதிரே அமர்ந்திருந்தவரைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்திகள் கொண்ட மின்மாண்டலினில், அதாவது ஐரோப்பாவிலிருந்து வந்து மின்சாரம் ஏற்றப்பட்ட ஒரு கருவியில், கர்நாடக இசையின் கமகங்களைச் சிறு வயதிலேயே பேசவைத்தவர். கமகத்தைத் தாங்கும் பொறுப்பு மாண்டலினுக்கும் குரலுக்கும் போனதால், கிட்டார் 1975இல் உறையில் வைத்த சுரக்கூட்டுகளை மெல்ல வெளியே எடுக்க முடிந்தது. ஒருவர் தம்மை முழுக்க மாற்றிக்கொண்டு நுழைந்த முயற்சி, இருபத்தைந்து ஆண்டுகளில், அவரவர் தம் இடத்திலிருந்தே பேசக்கூடிய முயற்சியாக முதிர்ந்திருந்தது. முதல் கட்டத்தின் விட்டுக்கொடுப்பு நடந்திராவிட்டால் இந்தச் சுதந்திரத்தைப் பிறர் நம்பிக் கொடுத்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

கற்றலும் நிற்கவில்லை. செல்வகணேஷோடு சேர்ந்து, சொல்கட்டுகளை வாயாலேயே இசைக்கும் கொன்னக்கோல் கலையின் பாடங்களை மெக்லாஃப்லின் ஒளிப்பதிவாக வெளியிட்டார். 2008இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டைச் சென்னையிலேயே, பெரும்பாலும் இந்தியக் கலைஞர்களோடு பதிவு செய்தார்.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் 45 வயதில் சென்னையில் காலமானார். குழு மௌனமாயிற்று. ஆள் போனால் அவரது கருவிக்கு இன்னொருவரை அமர்த்தும் வழக்கமான தீர்வு இங்கே எடுக்கப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் குழு மீண்டும் கூடியபோது மாண்டலினின் இடத்தில் வயலின் திரும்பியது. கணேஷ் ராஜகோபாலன் அதை ஏற்றார். பெருந்தொற்றுக் காலத்தில் கலைஞர்கள் ஒருவரையொருவர் நேரில் காணாமலே, அவரவர் ஊரிலிருந்து தம் பகுதிகளை அனுப்பிப் பதிவான இசைத்தட்டு 2023 ஜூனில் வெளிவந்தது. 2024 பிப்ரவரி 4 அன்று உலக இசைப் பிரிவில் கிராமி விருது பெற்றது. முகம் பார்த்துச் சைகையில் சேரும் இசையை முகம் பார்க்காமல் பதிவு செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், அவர்களில் பெரும்பாலோர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாசித்திருந்ததே. புதிதாகக் கூடும் குழு இதை முன்மாதிரியாகக் கொள்வது ஆபத்து.

மாற்றிச் செய்யக்கூடியவை

திரும்பிப் பார்க்கையில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் பிழை ஒலிப்பதிவுத் திட்டத்தில்தான் இருக்கிறது. மேடையில் பிறந்து மேடையில் முழுமை பெற்ற இசைக்கு, முதல் முறையைத் தவிர, கூடத்துக்குள் வைத்துச் சுருக்கிய வடிவமே கடைக்குப் போனது. மான்ட்ரூவின் நீண்ட பதிவு கால் நூற்றாண்டுக்கும் மேல் பெட்டியில் கிடந்தது. ஆண்டுக்கு ஒரு மேடைப் பதிவு என்று ஒப்பந்தத்தின்போதே பேசி வைத்திருந்தால், விற்பனை கூடியிருக்காது என்றாலும், எந்த இசையை விற்க முயன்றார்களோ அந்த இசையாவது கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெயரும் ஒரு சிக்கல். முதல் இசைத்தட்டின் தலைப்பு குழுவின் பெயரோடு கிட்டார் கலைஞரின் பெயரையும் சேர்த்தே நின்றது. கடையில் யாரும் கையில் எடுக்க வேண்டுமே என்ற கட்டாயம் புரிகிறது. ஆனால் ஒருவரின் பெயரில் தொங்கும் குழு, அவரது அடுத்த ஒப்பந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். 1978இல் நடந்தது அதுதான். பிற்கால வடிவங்கள் நீடித்ததற்கு, அப்போதைக்கு ஜாகிர் உசேன், ஸ்ரீநிவாஸ், ஷங்கர் மகாதேவன் ஆகியோரின் பெயர்களும் அரங்கை நிறைக்கப் போதுமானவையாக இருந்தன என்பதும் ஒரு காரணம்.

மிருதங்கத்துக்கென்றே ஒருவர் பிறகு அமர்த்தப்படவில்லை. அதனால் கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் கிடைத்த இடத்தை மேலே சொன்னேன். ஆயினும் தபலாவின் சுழற்சிக்கும் மிருதங்கத்தின் தொடர்தலுக்கும் இடையே நடந்திருக்கக்கூடிய பேச்சு பெரும்பாலும் அந்த முதல் கச்சேரிப் பதிவோடு நின்றுபோனது. இதே போன்ற முயற்சியை இன்று தொடங்குபவர்கள் அந்த இருக்கையிலிருந்து தொடங்கலாம்.

குழுவின் தற்போதைய நிலையைப் பதிவு செய்வதோடு நிறுத்துகிறேன். ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் அன்று அமர்ந்த ஐவரில், 1975 முதல் 2023 வரை குழு எடுத்த எல்லா வடிவங்களிலும் இருந்தவர்கள் அவரும் மெக்லாஃப்லினும் மட்டுமே.